'கிடேரிக்கன்று உறுதி' என்றவரிடம் ஐந்து மாதம் ஏமாந்தேன்

கிடேரிதான் (பெண் கன்றுதான்) பிறக்கும் என்று அடித்துச் சொல்லி ஒருவர் என் மாட்டுக்குச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டார். ஐந்து மாதம் கழித்துத் தெரிந்தது, கன்றே இல்லை. கூப்பிட்டவுடன் வீட்டுக்கு வந்து ஊசி போடுபவர்களை நம்பியிருப்போர் இதைப் படித்துவிடுங்கள்.

மாடு கத்தத் தொடங்கியது ஒரு விடியற்காலையில். கண்ணாடி போல் ஒழுக்கும் இருந்தது. காலையில் பருவம் (சினைக்குத் தயாரான அறிகுறி) கண்டால் அன்று மாலையே ஊசி போட வேண்டும். இவர் வந்ததோ மறுநாள் உச்சிவேளையில். அதற்குள் ஒழுக்கு நின்று, மாடு சாவகாசமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. நேர்மையானவராக இருந்தால், 21 நாள் பொறுத்து அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்றிருப்பார்.

கொள்கலனிலிருந்து, உறைந்த விந்து அடைத்த விந்துக்குச்சியை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டினார். 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்தல்லவா உருக்க வேண்டும்? வெந்நீர் தருகிறேன் என்றேன். "எனக்கு அனுபவம் இருக்கிறது" என்றார். கிடேரிக்கென்று பாலினம் பிரித்த விந்துக்குச்சியில் உயிரணுக்களே குறைவு. அதைத்தான் இப்படிப் பாழாக்கினார். (அதிலும் கிடேரி பிறப்பது பத்துக்கு ஒன்பதுதான். உறுதி என்று எவராலும் சொல்ல முடியாது.) ஊசிக்குழலின் பிளாஸ்டிக் உறையும் புதியதல்ல, ஓரத்தில் காய்ந்த சாணம் ஒட்டியிருந்தது. பார்த்தும் வாய் திறக்காதது என் மடமை. காலிக் குச்சியையாவது கொடுங்கள் என்றேன். காளையின் எண் அதில்தானே அச்சாகியிருக்கும்? சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் வாலில் இரத்தம். தொலைபேசியில் கேட்டதற்கு, "சினை நின்றுவிட்டது" என்றார். அந்த இரத்தம் பருவம் முடிந்ததைத்தான் காட்டும், சினையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மாடும் அதன்பின் பருவத்துக்கு வராததால் நம்பிவிட்டேன். மூன்றாம் மாதம் வந்தவர் விலாவைத் தட்டிப் பார்த்து "சினைதான்" என்று சொல்லி, அதற்கும் பணம் வாங்கிக்கொண்டார்.

ஐந்தாம் மாதம் கால்நடை மருத்துவர் ஆசனவாய் வழியே கைவிட்டுப் பார்த்தார். கருப்பை நிறையச் சீழ். பருவம் கடந்தபின் அழுக்கு உறையோடு உள்ளே நுழைந்தால் இப்படி ஆகலாம் என்றார். சீழ் தேங்கியிருந்தாலும் மாடு பருவத்துக்கு வராதாம். மருத்துவர் போட்ட மருந்து ஊசிக்குப் பிறகு சீழ் வெளியேறியது. கொட்டகையில் அந்த நாற்றம் போகப் பல நாளாயிற்று.

பழைய ஆளிடம் கேட்டேன். அடுத்த ஊசிக்குப் பணம் வேண்டாம் என்றார்!

இப்போது வேறொருவர் போட்டிருக்கிறார். காலிக் குச்சி என் பெட்டியில் இருக்கிறது. 60 நாள் கழித்துச் சினை பார்க்க மருத்துவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.