நெஞ்சுக்குள் பதினாறு ஆண்டுகள்: பேஸ்மேக்கரின் கம்பிகளைப் பற்றி

2008ஆம் ஆண்டு பினாங்கில் எனக்கு இரட்டை அறை பேஸ்மேக்கர் பொருத்தினார்கள். இதயத்தின் மேலறையையும் கீழறையையும் மின்தூண்டுதலால் துடிக்கவைக்கும் கருவி அது. இடப்பக்கக் காறையெலும்புக்குக் கீழே தீப்பெட்டியளவு கருவி. அதிலிருந்து இரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் இறங்கும் இரண்டு கம்பிகள், மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று. பார்க்க வருபவர்கள் கேட்பதெல்லாம் "பேட்டரி எத்தனை வருஷம் வரும்?" என்பதுதான். கம்பியைப் பற்றி எவரும் கேட்டதில்லை. பல ஆண்டுகள் நானும் கேட்கவில்லை.

பேட்டரி தீர்ந்தால் தோலுக்கடியில் இருக்கும் கருவியை மாற்றிவிடலாம். எனக்கு 2017இல் மாற்றினார்கள், பழைய கம்பிகளையே புதிய கருவியில் சொருகினார்கள். கம்பி அப்படியன்று. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை இதயத்தோடு சேர்ந்து வளைந்து நிமிர்ந்துகொண்டே, காலப்போக்கில் வடுத்திசுவால் குழாய்ச் சுவரோடும் இதயத் தசையோடும் ஒட்டிக்கொள்கிறது. காறையெலும்புக்கும் முதல் விலாவெலும்புக்கும் இடையே நசுங்குவதுதான் அதற்கு வரும் பெரிய ஆபத்துகளில் ஒன்று.

2020இல், கொடியில் துணி காயப்போட இடக்கையை உயர்த்தும்போதெல்லாம் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பேஸ்மேக்கர் சோதனையில் "எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பதில் என்னை இன்றும் வருத்துகிறது, ஏனெனில் நான் குறித்து வைத்திருந்த நோட்டில் கீழறைக் கம்பியின் மின்தடை 580, 540, 410, 230 ஓம் என்று இறங்கிக்கொண்டே வந்திருந்தது. கம்பி முறிந்தால் ஓம் ஏறும். கம்பியைச் சுற்றியுள்ள மின்காப்பு உறை தேய்ந்தால் இறங்கும். அடுத்த முறை நோட்டைக் காட்டியபோது, சோதித்தவர் என் கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொன்னார். திரையில் கிறுக்கல்கள் பாய்ந்தன, பழுதான கம்பியிலிருந்து வந்த பொய்யான மின்குறிகள். அவற்றை இதயத் துடிப்பென்று எண்ணிய கருவி தூண்டுதலை நிறுத்திக்கொள்ள, எனக்குத் தலை சுற்றியது.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒட்டிப்போன கம்பியை இழுத்தெடுத்தால் குழாயோ இதயமோ கிழியக்கூடும் என்பதால், அதன் முனையை மூடி உள்ளேயே விட்டுவிட்டுப் பக்கத்தில் புதிய கம்பியை இறக்கினார்கள். பயன்படாத கம்பி இருப்பதால் இனி எம்.ஆர்.ஐ. எடுப்பது எனக்கு எளிதன்று. மேலறைக் கம்பி மட்டும் 2008இல் போட்டதே. இன்றும் குறையில்லாமல் வேலை செய்கிறது.

சோதனைக்குப் போகிறவர்கள் பேட்டரி அளவோடு திரும்பிவிடாமல், ஒவ்வொரு கம்பியின் ஓம் எவ்வளவு, சென்ற முறை எவ்வளவு, துடிப்பை எழுப்ப எத்தனை வோல்ட் தேவைப்படுகிறது என்று கேட்டு எழுதி வாருங்கள். கை அசைவில் தலைசுற்றல் வந்தால், கையை அசைத்தே சோதிக்கச் சொல்லுங்கள்.