ஒரே படம், மூன்று வசனம்: கிளாசிகல் காமிக்ஸின் ‘மேக்பெத்’

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகத்தைப் பிரிட்டனின் கிளாசிகல் காமிக்ஸ் பதிப்பகம் வெளியிட்ட சித்திரக்கதைக்கு ஒரிஜினல், பிளெயின், க்விக் என்று மூன்று பதிப்புகள். நம் வழக்கில் மூலம், தெளிவுரை, சுருக்கம். படங்கள் மூன்றிலும் ஒன்றே. பேச்சுக் குமிழிக்குள் உள்ள வசனம்தான் வேறு. தட்டுத்தடுமாறி வாசிப்பவரும் சரளமாக வாசிப்பவரும் ஒரே காட்சியை ஒரே நேரத்தில் பார்க்கலாம். ஏற்றத்தாழ்வுள்ள வகுப்புக்கு இது பெரிய உதவி.

ஆனால் மெதுவாகப் படிப்பவருக்குச் சுருக்கம், கெட்டிக்காரருக்கு மூலம் என்று பிரித்துக் கொடுத்தால் காரியம் கெட்டது. யார் கையில் எது என்பது பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். அதோடு இங்கிலாந்தில் 16 வயதுப் பிள்ளைகள் எழுதும் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ ஆங்கிலத்தில் எளிய தாள், கடினத் தாள் என்ற பிரிவு இல்லை. நாடகப் புத்தகத்தைத் தேர்வறைக்குள் கொண்டுபோகவும் முடியாது. மூலத்தின் வரிகள் எல்லாருக்கும் வேண்டும். எனவே 30 பேர் என்றால் பதிப்புக்கு 10 பிரதி, மூவர் கொண்ட குழுவுக்கு மூன்றும் ஒவ்வொன்று, காட்சிக்குக் காட்சி கைமாற்றம். முதலில் சுருக்கத்தில் 5 நிமிடம் கதை, பிறகு மூலத்திலிருந்து 12 வரி உரக்க வாசிப்பு, சிக்கும் இடத்துக்கு மட்டும் தெளிவுரை. மேற்கோள் நோட்டில் மூலத்தின் வரி தவிர வேறெதுவும் ஏறக்கூடாது. இதில் அசந்தால் தெளிவுரை வசனத்தையே ஷேக்ஸ்பியர் எழுதியதாக மனப்பாடம் செய்து, அதன் சொல்லழகைத் தேர்வில் அலசிக்கொண்டிருப்பார்கள்.

வருணனை எழுத்துக்குத்தான் இந்தப் புத்தகத்தைக் கவனமாகக் கையாள வேண்டும். அந்தத் தேர்வை நடத்தும் வாரியங்களில் ஒன்றான ஏகியூஏவின் ஆங்கில மொழித்தாள் 1இன் கடைசிக் கேள்விக்கு 40 மதிப்பெண். அதில் 24 உள்ளடக்கத்துக்கும் அமைப்புக்கும், 16 பிழையின்மைக்கும். படத்தைக் காட்டி எழுதச் சொன்னால் “கோட்டை, இருட்டு, பறவை” என்று பட்டியல்தான் வரும். படம் கண்ணுக்கு மட்டுமே தீனி போடுகிறது. ஷேக்ஸ்பியரின் திறந்தவெளி அரங்கிலோ பகல் வெளிச்சத்தில் நாடகம் நடந்தது. இரவைச் சொல்லால்தான் வரவழைக்க வேண்டும்.

முதல் அங்கம், 5, 6ஆம் காட்சிகளைப் பாருங்கள். தன் கோட்டைக்குள் மன்னன் டங்கன் வருவதை அண்டங்காக்கை தொண்டை கம்மக் கரைந்து அறிவிப்பதாக மேக்பெத்தின் மனைவி லேடி மேக்பெத் சொல்கிறாள். அடுத்த காட்சியில் அதே கோட்டையின் காற்று இனிமையாக இருக்கிறது என்கிறான் டங்கன்; தகைவிலான் குருவி கட்டிய தொங்கும் கூட்டைக் காட்டுகிறான் மேக்பெத்தின் சக தளபதி பாங்க்வோ. இடம் ஒன்று, பறவை இரண்டு. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு இந்த வரிகளை வாசியுங்கள். ஒரு பறவையைத் தேர்ந்து, ‘பயம்’, ‘அழகு’ என்ற சொற்கள் இல்லாமல் 6 வாக்கியம் எழுதட்டும். திணறுபவருக்கு மூன்று வாக்கியங்களின் தொடக்கச் சொல்லைக் கொடுங்கள். வேகமாக முடிப்பவர் குருவியில் தொடங்கி, நடுவில் சொல்லாமலே காக்கைக்கு மாறட்டும். கடைசியில் புத்தகத்தைத் திறந்து, படத்தில் இல்லாத ஒரு வாசனையையோ ஓசையையோ சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றுக்கும் பணம் போதாவிட்டால் மூலத்தையும் சுருக்கத்தையும் வாங்குங்கள். தெளிவுரையை ஆசிரியர் வாய்மொழியாகவே சொல்லிவிடலாம்.