எரிக்சனா, பிரான்ஃபென்பிரென்னரா? களப்பணிக்குப் போகும்போது எதை முதலில் எடுப்பது

ஒவ்வொரு வருடமும் களப்பணி தொடங்கும் வாரத்தில் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, முதலாண்டுப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். "அக்கா, மனித வளர்ச்சி பேப்பர்ல இத்தனை தியரி இருக்கே, ஒரு வீட்டுல போய் உட்கார்ந்த பிறகு எதை வச்சு யோசிக்கிறது?" நியாயமான கேள்வி. தேர்வுக்கு எல்லாவற்றையும் படிக்கத்தான் வேண்டும். ஆனால் நம் திருநெல்வேலி மாவட்டத்து முக்கூடல் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில், மடியில் சுளகை வைத்து பீடி சுற்றிக்கொண்டே பேசுகிற ஒரு அம்மாவின் முன்னால் உட்காரும்போது ஐந்து தியரியும் ஒன்றாக நினைவுக்கு வராது. ஒன்றுதான் முன்னால் வந்து நிற்கும். அது எதுவோ, அதைப் பொறுத்துத்தான் நீங்கள் கேட்கிற கேள்வியும் இருக்கும், கேட்காமல் விடுகிற கேள்வியும் இருக்கும்.

அதனால் இரண்டை மட்டும் எதிரெதிரே வைக்கிறேன். மனித வளர்ச்சியைப் பற்றி எழுதிய உளவியலாளர்கள் எரிக் எரிக்சன், யூரி பிரான்ஃபென்பிரென்னர். மருத்துவப் பார்வை என்ற மூன்றாவதையும் கடைசியில் தொடுகிறேன், ஏனென்றால் அதை விட்டால் ஆபத்து.

எரிக்சன் 1950-ல் முன்வைத்தது எட்டுக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இழுபறி: கைக்குழந்தைக்கு நம்பிக்கையா அவநம்பிக்கையா, பள்ளி வயதில் 'என்னால முடியும்' என்கிற உழைப்புணர்வா தாழ்வுணர்வா, பதின்வயதில் அடையாளமா குழப்பமா, நடுவயதில் அடுத்த தலைமுறைக்கு ஏதாவது கொடுப்பதா தேங்கிப்போவதா, முதுமையில் நிறைவா விரக்தியா என்று போகும். ஃப்ராய்டு பெரும்பாலும் சின்ன வயதோடு நிறுத்திக்கொண்ட இடத்தில், சாகும்வரை மனிதர் வளர்கிறார் என்று இவர் சொன்னதுதான் பெரிய விஷயம். மாணவர்கள் இதைப் பரீட்சை மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள், ஒரு கட்டத்தில் 'பாஸ்' ஆனால் அடுத்தது என்று. அப்படி இல்லை. இரண்டு பக்கமும் வேண்டும், எந்தப் பக்கம் கனம் அதிகம் என்பதுதான் கேள்வி. அவநம்பிக்கையே இல்லாத குழந்தை யார் கூப்பிட்டாலும் கூடப் போய்விடும் அல்லவா?

பிரான்ஃபென்பிரென்னர் 1917-ல் மாஸ்கோவில் பிறந்து, சிறுவனாக அமெரிக்கா போனவர். 1979-ல் வந்த அவருடைய புத்தகம் பிள்ளையை நடுவில் வைத்து சுற்றிலும் வளையங்கள் போடுகிறது. வீடு, பள்ளி, தெரு முதல் வளையம். அம்மாவும் வாத்தியாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்களா என்பது இரண்டாவது. பிள்ளை காலே வைக்காத, ஆனால் அதன் வாழ்க்கையைப் புரட்டிப் போடுகிற இடங்கள் மூன்றாவது: அம்மா பீடி ஒப்படைக்கிற கடை, அப்பா வேலை பார்க்கிற மும்பைக் கட்டடம். அதற்கும் வெளியே சாதி, சட்டம், பெண்பிள்ளை என்றால் இப்படித்தான் என்கிற எண்ணம். காலம் என்கிற ஐந்தாவதைப் பின்னால் சேர்த்தார். அமெரிக்காவில் 1965-ல் தொடங்கிய ஹெட் ஸ்டார்ட் திட்டத்தை வடிவமைத்தவர்களில் இவரும் ஒருவர். ஏழைப் பிள்ளைக்கு எழுத்து மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது, சாப்பாடு, உடம்பு, பெற்றோர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 1975-ல் இங்கே தொடங்கிய ஐ.சி.டி.எஸ்., அதாவது நம் அங்கன்வாடி, ஏன் சத்துமாவையும் தடுப்பூசியையும் பாட்டையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கிறது என்பது இவரைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

சரி, இப்போது நான் செய்த தப்பு. மாணவியாக எனக்குக் கிடைத்த முதல் கேஸ், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. மாதக்கணக்கில் பள்ளிக்கு வரவில்லை, வந்தாலும் யாரோடும் பேச்சில்லை. நான் எரிக்சனைக் கையில் வைத்துக்கொண்டு போனேன். பதினான்கு வயது, ஒதுங்கியிருக்கிறாள், அப்படியென்றால் அடையாளக் குழப்பம் என்று மூன்று பக்கம் எழுதினேன். என் மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அவ அம்மைக்குக் கடையில இலை எவ்வளவு கொடுக்காங்க?" எனக்குத் தெரியவில்லை. மறுபடி போனேன். ஆயிரம் பீடிக்கென்று எடை போட்டுக் கொடுக்கிற இலை ஆயிரத்துக்குக் காணாது, பாதி இலை ஓட்டையும் ஒடிசலும். குறைகிற இலையை அம்மா கைக்காசு போட்டு வெளியில் வாங்குகிறார், ஒப்படைக்கும்போது கழித்துப் போடுகிற பீடி வேறு. கடன் ஏற ஏற, இலை வெட்டவும் நுனி மடிக்கவும் மகள் வீட்டில் நின்றுவிட்டாள். அவள் ஒரு தடவைகூடப் பார்த்திராத தராசு ஒன்று அவள் படிப்பை நிறுத்தியிருந்தது. நான் அதை அவள் மனசுக்குள் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆனால் முழுக் கதை அதுவும் இல்லை. மூன்றாவது தடவை போனபோது, அம்மா தண்ணி பிடிக்கப் போன நேரத்தில், அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னாள்: "என் உடுப்புல தூள் வாடை அடிக்குன்னு யாரும் பக்கத்துல உட்கார மாட்டேங்காவ அக்கா." இதை எந்த வளையமும் எனக்குச் சொல்லியிருக்காது. தான் எதற்கும் லாயக்கில்லை என்று ஒரு பிள்ளை தனக்குள் முடிவு கட்டும் விதத்தைக் கேட்கத் தெரிய வேண்டும், அந்தக் காதைக் கொடுப்பது எரிக்சன். ஆக, பள்ளிக்குத் திரும்புவதற்கு அம்மாவின் கணக்கைச் சரிசெய்ய வேண்டியிருந்தது, திரும்பிய பிறகு அங்கே நிலைத்திருக்க அந்த வெட்கத்தைத் தொட வேண்டியிருந்தது. முறை மாறினால் நடந்திருக்காது. வீட்டில் கடன் அப்படியே இருக்கும்போது தன்னம்பிக்கை பற்றிப் பேசுவது அந்தப் பிள்ளையின் மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவதுதான்.

இந்த இரண்டும் உண்மையாக மோதிக்கொள்கிற இடம், நம்ம ஊர்ப் பள்ளிப் பையன்களின் கையில் கட்டியிருக்கும் கலர் கயிறு. எந்த நிறம் எந்தச் சாதி என்று இங்கே வளர்ந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றிக்குறி என்று சாதியைக் காட்டும் அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதிப் பெயரை நீக்குவது என்று அதில் பல பரிந்துரைகள்.

எரிக்சனை மேலோட்டமாகப் படித்தவர் கயிறு கட்டிய பையனைப் பார்த்து 'அடையாளக் குழப்பம்' என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவனிடம் குழப்பமே இல்லை, தான் யார் என்று ரொம்பத் தெளிவாகச் சொல்லுவான். எரிக்சன் வழியில் வந்த ஜேம்ஸ் மார்சியா 1966-ல் இதற்கு ஒரு சட்டகம் கொடுத்தார். அடையாளத்தைத் தேடிப் பார்த்து அடைந்தவர், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர், தேடவும் இல்லாமல் பிடிப்பும் இல்லாமல் இருப்பவர், தேடாமலே பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே மாட்டிக்கொண்டவர் என்று நான்கு நிலை. நம் பையன் நான்காமவன். பன்னிரண்டு வயதிலேயே கதவை அடைத்துவிட்டார்கள், அவன் கேட்டுப் பார்க்கவே நேரம் கிடைக்கவில்லை. கவுன்சலிங் என்று உட்காரவைத்து "வன்முறை தப்பு தம்பி" என்று சொல்வதற்கும், "இந்தக் கயிறு இல்லேன்னா உன்னை யாருன்னு சொல்லுவே?" என்று கேட்டுவிட்டு அவன் பதில் தேடும்வரை பொறுமையாக இருப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

அதே நேரம், கயிற்றைக் கட்டிவிட்டது அவன் அல்ல. அண்ணன்மார், தெரு, குருபூஜை ஃபிளெக்ஸ், பள்ளிப் பேருந்தில் யார் எங்கே உட்காருவது என்கிற எழுதாத சட்டம். இங்கே பிரான்ஃபென்பிரென்னர் இல்லாமல் எரிக்சனை மட்டும் வைத்துக்கொண்டால் ஒரு பையனைத் திருத்தி அதே தெருவுக்கு அனுப்பிவைப்போம். பிரான்ஃபென்பிரென்னரை மட்டும் வைத்துக்கொண்டால் 'சமூகம் அப்படி' என்று எழுதி ஃபைலை மூடிவிடுவோம், வெட்டுப்பட்ட பிள்ளை ராத்திரி தூங்குகிறதா என்று கேட்கக்கூட மாட்டோம். இரண்டாவது தவறு எனக்கு அதிகக் கோபத்தைத் தருகிறது, ஏனென்றால் அது பார்ப்பதற்கு முற்போக்காகத் தெரியும். பிரான்ஃபென்பிரென்னரே பிற்காலத்தில், சூழலைப் பற்றி மட்டும் ஆராய்ந்துகொண்டு வளரும் ஆளை மறந்துவிடுகிறார்கள் என்று வருத்தப்பட்டு, அந்தப் பிள்ளைக்கும் அதன் கூடவே இருப்பவர்களுக்கும் இடையே நாள்தோறும் நடக்கிற கொடுக்கல் வாங்கல்தான் வளர்ச்சியின் இயந்திரம் என்று தன் கோட்பாட்டைத் திருத்தினார். நிறையப் பாடநோட்ஸ் இன்னும் வெறும் வட்டம் வரைவதோடு நின்றுவிடுகிறது.

முதியவர்கள் விஷயத்தில் தயங்காமல் எரிக்சன் பக்கம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்த ஒரு பெரியம்மாவைப் பார்க்கப் போவேன். கண் மங்கிப்போனதால் பட்டுப்பாய்க்கு வேண்டிய நைஸ் இழை இப்போது அவருக்குப் பிடிபடாது. பென்ஷன் வருகிறது, மகன் சாப்பாடு கொடுக்கிறார், வட்டம் போட்டுப் பார்த்தால் எல்லாம் இருக்கிறது. ஆனாலும், "இனி நான் எதுக்கும்மா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார். ஒரு நாள் பேத்தி நெய்த பாயைத் தடவிப் பார்த்து, "கோரை சரியா ஊறலட்டி, ஆத்துல இன்னும் ரெண்டு நாள் கெடக்கணும்" என்றார். அன்றைக்கு அவர் பேசிய குரலே வேறு. கொடுப்பதற்குத் தன்னிடம் இன்னும் ஒன்று இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த நிமிடம் அது. எரிக்சன் ஏழாவதும் எட்டாவதுமாகப் பிரித்துச் சொன்ன இரண்டும் அந்தத் திண்ணையில் சேர்ந்தே இருந்தன.

மூன்றாவது, மருத்துவம். மேலே சொன்ன இரண்டும் நோயைக் கண்டுபிடிக்கும் கருவி இல்லை, இதை நன்றாக மனதில் வையுங்கள். கோயில் கொடை விழாவில் சுடலைமாடனுக்கு அருள் வந்து ஆடுகிறவர், அருள் விலகியதும் விபூதி பூசி, தண்ணி குடித்து, மறுநாள் வயலுக்குப் போகிறார். அது நோய் அல்ல, ஊரே ஏற்றுக்கொண்ட வழிபாட்டை உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய் வகைப்பாடும் நோய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. கொடை முடிந்து வாரங்கள் ஆகியும் தூக்கம் இல்லை, யாரோ திட்டுகிற சத்தம் கேட்கிறது, சோறு எடுக்கவில்லை என்றால் அங்கே வளையமும் கட்டமும் தேடிக்கொண்டு நாளைக் கடத்தக்கூடாது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, ராத்திரி என்றால் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416. தற்கொலைக்கு முயன்ற பிள்ளையை 'போலீஸ் கேஸ் ஆயிரும்' என்று மறைக்கிற வீட்டில், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவை அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்: அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் எடுத்துக்கொள்கிறது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை.

ஆக, என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்கிற வரிசை இது. முதல் தடவை போகும்போது தூக்கம், சாப்பாடு, உயிருக்கு ஆபத்து மூன்றையும் கேட்டுவிடுங்கள். அதில் ஒன்றும் இல்லையென்றால் பிரான்ஃபென்பிரென்னர், அதுவும் மூன்றாவது வளையத்தில் இருந்து, ஏனென்றால் அங்கேதான் நாம் கேட்க மறக்கிறோம். இரண்டாவது, மூன்றாவது தடவையில், ஆள் நம்மை நம்பத் தொடங்கிய பிறகு, எரிக்சன். முதியவர் வீடு என்றால் மட்டும் எரிக்சனோடே உள்ளே போகலாம். முதல் வார அறிக்கையில் கட்டத்தின் பெயரோ வளையத்தின் பெயரோ ஒன்றுகூட எழுதாதீர்கள், அந்த வீட்டுக்கு வாரத்தில் எத்தனை நாள் இலை கிடைத்தது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அதை வைத்துப் பேசுவோம்.