பிழி உருளைச் சலவை இயந்திரமும் வடிய மறுக்கும் கடைசி இரண்டு அங்குலமும்

ஒஹாயோ மாநிலத்தின் ஹோம்ஸ் கவுண்டிப் பக்கம் துவைத்த துணியை இரண்டு உருளைகளுக்கு இடையே விட்டுப் பிழியும் பழைய பிழி உருளைச் சலவை இயந்திரம் ஒன்று விலை குறைத்து விற்பனைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். அதே காலத்து இயந்திரம் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பேஸ்மென்டில் வைத்துப் பயன்படுத்துகிறேன். அதன் வடிகாலோடு மல்லுக்கட்டி முடித்ததும் அண்மையில்தான். மோட்டாரைப் பற்றியும் உருளைகளைப் பற்றியும் விற்பவரே போதுமான அளவு புகழ்ந்திருப்பார். தொட்டியில் நிரப்பிய தண்ணீர் எப்படி வெளியே போகும் என்பதை மட்டும் எவரும் பேசுவதில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். மின்கம்பியின் மின்சாரத்தை வீட்டுக்குள் விடாத ஆமிஷ் குடும்பங்கள் (பழைய வாழ்க்கை முறையை விடாத ஒரு கிறித்தவச் சமூகத்தினர்) இவ்வகை இயந்திரங்களைப் பெட்ரோல் எஞ்சினிலும் அழுத்தக் காற்றிலும் ஓட்டி இன்றும் துணி துவைக்கின்றன என்பதே இவற்றின் உழைப்புக்குப் போதுமான சான்று. இவ்வகையில் மிகவும் பெயர் பெற்ற மேடேக் நிறுவனம், தானியங்கி இயந்திரங்கள் பரவிப் பல பத்தாண்டுகள் ஆன பின்னும், 1983 வரை இவற்றைத் தயாரித்துக்கொண்டிருந்தது. என்னிடம் இருப்பது அந்த நிறுவனத்தினுடையது அன்று. ஆனால் உழைப்பில் குறை சொல்ல முடியாது. பல்சக்கரப் பெட்டியை நான் இதுவரை திறக்க நேர்ந்ததே இல்லை.

தண்ணீர்ச் சிக்கனம் இதன் பெரிய நற்குணம். ஒரே தொட்டித் தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணிகள், அடுத்து வண்ணத் துணிகள், கடைசியாகத் தோட்ட வேலைக்குப் போட்ட முரட்டுத் துணிகள் என்று வரிசையாகத் துவைக்கலாம்; உருளைகள் பிழிந்தெடுக்கும் சோப்புத் தண்ணீரும் மீண்டும் தொட்டிக்கே வந்து சேர்கிறது. ஆனால் வடிகாலின் தொல்லைக்கும் இந்தச் சிக்கனமே காரணம் என்பதை இப்போது உறுதியாகச் சொல்ல முடிகிறது. அன்றைய துவையலின் பஞ்சு, மண், நூல், உருளையில் சிக்கி உடைந்த பொத்தான் எல்லாம் சேர்ந்த கூழ், நாள் முடிவில் ஒரே முறையாக ஒரே துளை வழியே வெளியேறியாக வேண்டும். இங்குள்ள கிணற்றுத் தண்ணீர் கடின நீர். பழைய பாணியில் சோப்புக் கட்டியைச் சீவிப் போட்டால், அது நீரிலுள்ள கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து கரையாத பிசுக்காகி, பஞ்சை ஒன்றாக ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது.

என் இயந்திரத்தில் பம்ப் கிடையாது. தொட்டியின் அடியிலிருந்து புறப்படும் ரப்பர் குழாயைத் துவைக்கும்போது விளிம்புக் கொக்கியில் மாட்டிவைத்து, முடிந்ததும் தரையிலுள்ள வடிகாலை நோக்கி இறக்கிவிட வேண்டும். தொடக்கத்தில் நன்றாக ஓடிய தண்ணீர் நாளடைவில் மெலிந்து, கடைசி இரண்டு அங்குலத்தில் அடியோடு நின்றுவிடும். மிச்சத்தைக் குவளையால் முகந்து கொட்ட வேண்டியிருந்தது.

தொட்டியின் நடுவில் நின்று துணியை அலசும் அஜிடேட்டருக்கு அடியில் இருக்கும் சல்லடையையே முதலில் பார்க்க வேண்டும். அதை ஏன் அங்கே ஒளித்துவைத்தார்கள் என்று வடிவமைத்தவரைக் கேட்க எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. பல ஆண்டுகளாகக் கழற்றாத அஜிடேட்டர் தண்டில் இறுகிப்போயிருக்கும். சுடுநீர் ஊற்றிச் சற்று ஊறவிட்டு, அதன் பாவாடை போன்ற அடிவிளிம்பின் இருபுறமும் பட்டை நாடாக்களைக் கொடுத்து, இருவர் நேர்மேலாக இழுத்தால் வரும். திருப்புளியால் நெம்பினால் அலுமினியத் தொட்டி நெளிந்துவிடும். சல்லடையைச் சுத்தம் செய்தபின் ஓட்டம் ஓரளவு கூடியது, ஆனால் நோய் தீரவில்லை.

அடுத்துச் செய்த சோதனைதான் உண்மையைக் காட்டியது. குழாயின் வெளிமுனையிலிருந்து தொட்டியை நோக்கித் தண்ணீரைச் செலுத்தினால் தடையின்றிப் போயிற்று. தொட்டியிலிருந்து வெளியே விட்டால் மட்டும் திணறியது. ஒரு திசையில் மட்டும் அடைக்கிற அடைப்பு வெறும் குப்பையாக இருக்க வாய்ப்பு குறைவு. குழாயைக் கழற்றி நீளவாக்கில் கீறிப் பார்த்தபோது, வெளியே குறையேதும் தெரியாத அந்த ரப்பரின் உள்ளடுக்கு ஓரிடத்தில் உரிந்து தொங்கியது. வெளியேறும் தண்ணீர் அதைத் தூக்கி வழியை மறித்தது. எதிர்த்திசையில் வந்த தண்ணீரோ அதைச் சுவரோடு படிய வைத்தது. கம்பி விட்டுக் குத்தியிருந்தால் இந்தக் கோளாறு தீர்ந்திருக்காது.

மாற்றுக் குழாய்க்கு இன்று கடைகளில் முதலில் எடுத்து நீட்டப்படும் நெளிவுக் குழாயை வாங்காதீர்கள். அதன் ஒவ்வொரு மடிப்பும் பஞ்சுக்கு இருப்பிடம். உட்புறம் வழவழப்பான, துணியிழை வலுவூட்டிய, சுடுநீர் தாங்கும் ரப்பர் குழாயைப் பழைய குழாயின் உள்விட்டத்திலேயே பொருத்திக் கிளாம்பு போட்டு இறுக்கினேன். கொக்கியில் மாட்டும்போது அதன் முனை தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே நிற்கும் அளவுக்கு நீளம் வேண்டும். இல்லையென்றால் துவைத்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் தரைக்கு வந்துவிடும். மிகவும் நீளமாக இருந்தாலும் வழியில் தொய்ந்து, தொய்வில் சேறு தங்கும்.

இத்தனைக்கும் பிறகும் கடைசி அங்குலங்கள் மெதுவாகவே வடியும். ஓட்டத்தைத் தள்ளுவது தொட்டி நீர்மட்டத்துக்கும் குழாய் முனைக்கும் உள்ள உயர வேறுபாடு மட்டுமே. உயரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வடிதுளைக்கு எதிர்ப்புறக் கால்களின் கீழே மரத்துண்டு வைத்து இலேசாகச் சாய்த்ததில் மிச்சம் நிற்பது பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் இயந்திரத்தின் காலில் சிறு சக்கரங்கள் இருந்தால் முதலில் அவற்றைப் பூட்டுங்கள். அடைப்பு நீக்கும் காஸ்டிக் சோடாத் தூளை மட்டும் எக்காரணம் கொண்டும் அலுமினியத் தொட்டியில் போடாதீர்கள். அது அலுமினியத்தையே அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜனையும் வெளியிடும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு நண்பருக்கு நான் சொல்லும் பதில், வாங்க வேண்டாம் என்பதே. வேலைக்குப் போகும் மனிதர் சனிக்கிழமை காலையைச் சோப்புப் பிசுக்குக்குக் கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கும்போது கையை உள்ளிழுக்கும் உருளைகளும் வேண்டியதில்லை. என் இயந்திரத்தை நான் விற்பேனா என்று அவர் திருப்பிக் கேட்டால், விற்க மாட்டேன். அதையும் மீறி அவர் வாங்கப் போவதாக இருந்தால், பணம் கொடுக்கும் முன் தொட்டியை நிரப்பச் சொல்லி, கடைசிச் சொட்டு வரை வடிவதை அங்கேயே நின்று பார்க்கட்டும். தண்ணீர் வசதி இல்லை என்று விற்பவர் சொன்னால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடட்டும்.