உப்புத் தண்ணியும் கை நுழையாத கெட்டிலும்

சித்தி மகன் நேற்று ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். நான் வைத்திருக்கும் அதே கெட்டில். நான் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து வாங்கியது, இப்போது மூவாயிரத்துக்குள் வந்துவிட்டது. "அக்கா, நீதான் விதவிதமா டீ போடறியே, இதை வாங்கலாமா?" என்று கேட்டிருந்தான். கேட்ட நேரம்தான் சரியில்லை. அன்றைக்குத்தான் அதை ரிப்பேர் கடையிலிருந்து எடுத்து வந்திருந்தேன். போனில் பேசினால் திட்டு மட்டும்தான் வரும் என்பதால் எழுதுகிறேன். எழுதினால் கொஞ்சம் நியாயமாக இருப்பேன் என்று ஒரு நம்பிக்கை.

எத்தனை வாட், எத்தனை லிட்டர் என்பதெல்லாம் அந்த லிங்கிலேயே இருக்கிறது. விஷயம் இவ்வளவுதான்: எத்தனை டிகிரி வேண்டும் என்று அழுத்தினால் அந்தச் சூட்டில் நிறுத்தி, அரை மணி நேரம் அப்படியே வைத்திருக்கும். பாலும் தூளும் சேர்த்துப் பொங்கவிட்டு டீ போடுகிறவர்களுக்கு இது தண்டச் செலவு. கடைகளில் போடும் சி.டி.சி. தூள், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டி, கொதிக்கக் கொதிக்கச் சாறு இறங்குவதற்கென்றே செய்தது. அதற்கு அடுப்பும் பாத்திரமும் போதும், டிகிரி எதற்கு?

முழு இலை டீ வேறு கதை. பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 டிகிரி போதும். அதன் மெல்லிய இனிப்புக்குக் காரணமான தியானின் குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். துவர்ப்பும் கசப்பும் தரும் கேட்டகின், காஃபீன் எல்லாம் சூடு ஏற ஏறத்தான் மளமளவென்று இறங்கும். கிரீன் டீயா, ஐயோ கசக்கும் என்று முகம் சுளிப்பவர்களுக்கெல்லாம் யாரோ கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த ஒரு வேலையில் கெட்டிலைக் குறை சொல்லவே முடியாது. 75 என்றால் 75.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன்.

சேலத்தில் பல வீடுகளில் இரண்டு தண்ணீர். முறை வைத்துக் குழாயில் வருகிற மேட்டூர்த் தண்ணீர் நல்ல தண்ணி. போரில் வருவது உப்புத் தண்ணி. எங்கள் வீடு மாக்னசைட் என்ற வெள்ளைக் கல்லை வெட்டுகிற பக்கம். போர் போட்டுக் கொடுத்தவரே, "இந்தத் தண்ணியில பருப்பு வேகாதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பணத்தை வாங்கினார். குடத்தில் நல்ல தண்ணி இருக்கிற வரைக்கும் டீ நன்றாக இருக்கும். முறை தள்ளிப்போனால் கேன் தண்ணி வாங்க வேண்டும், இல்லையென்றால் போரைத் திறக்க வேண்டும். கேன்காரர் எந்த நாளில் வருவார் என்பது அவருக்கே தெரியாது.

போர் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் பிரிந்து, சுண்ணாம்பாகப் பாத்திரத்தில் படியும். சாதாரணப் பாத்திரமாக இருந்தால் ஸ்கிரப்பரை வைத்து நாலு தேய். இந்தக் கெட்டிலில் அதுதான் முடியாது. மூடியைத் திறந்தால் என் கையில் நான்கு விரல்கள் கணு வரை போகும், உள்ளங்கை நுழையாது. அடித்தட்டின் நடுவில் சென்சார் ஒரு குமிழாக நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றித்தான் முதலில் வெள்ளை வளையம் பிடிக்கும். பிறகு பக்கவாட்டில் ஏறும். கடைசியில் அந்த நீண்டு வளைந்த மூக்கு தொடங்குகிற இடத்துச் சல்லடையில் அடைத்துக்கொள்ளும். சல்லடையைக் கழற்றவும் முடியாது, ஒட்டி வைத்திருக்கிறார்கள். செதில் ஒன்று பெயர்ந்து கண்ணாடிக் கோப்பையில் விழுந்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே அடிக்குப் போவதைப் பார்க்கிறபோது யாருக்கு டீ குடிக்கத் தோன்றும்?

நியாயமாகச் சொன்னால், தண்ணீர் எங்கள் ஊர்ப் பிரச்சினை, கெட்டில் செய்தவர்கள் என்ன செய்வார்கள்? சரி. ஆனால் கை நுழையாத வாயை வைத்தது நாங்களா? அந்த ஒல்லி மூக்கே காபிக்காக வைத்தது. வடிதாளில் இருக்கும் காபித்தூள் மேல் நூல் பிடித்த மாதிரி ஊற்றுவதற்கு அது வேண்டும். டீக்கு அப்படி ஒரு தேவையே கிடையாது. படத்தில் அழகாக இருக்கும், அவ்வளவுதான். காபி குடிப்பவனின் மூக்கை டீ குடிப்பவள் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு மருந்து எலுமிச்சை உப்பு. செவ்வாய்பேட்டை மளிகைக் கடைகளில் சில்லறையாகவே கிடைக்கும். இரண்டு ஸ்பூன் போட்டு, நல்ல தண்ணி ஊற்றிக் கொதிக்கவிட்டு, அரை மணி நேரம் விட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும். அடித்தட்டு பளபளவென்று வந்துவிடும், பார்க்கத் திருப்தியாக இருக்கும். மூக்குக்குள் இருப்பது மட்டும் முழுதாகப் போகாது. பால் புட்டி கழுவும் பிரஷ்ஷை வளைத்து விட்டுப் பார்த்தேன். போனது, திரும்பி வருவதற்குள் வம்பாகிவிட்டது.

இப்படியே ஓட்டிக்கொண்டிருக்கும்போதுதான் போன மாதம் தண்ணீர் கொதிக்கும் முன்பே தானாக அணைய ஆரம்பித்தது. வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் படம் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினேன். "உப்பு படிஞ்சிருக்குங்க மேடம், இதுக்கு வாரன்டி வராது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். தண்ணீர் காய்ச்சுகிற பொருளுக்குத் தண்ணீரால் வரும் கோளாறு கணக்கில் வராதாம். தெருமுனை மிக்ஸி ரிப்பேர்க்காரர்தான் அடிப்பாகத்தைக் கழற்றிச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட்டை மாற்றி, 450 ரூபாய் வாங்கினார். "அக்கா, இதுக்குள்ள என் விரலே போகலீங்க" என்றார். அவர் கெட்டில் ரிப்பேர் மட்டும் செய்யவில்லை, என் மனக்குறைக்குச் சாட்சியும் சொன்னார்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் தூக்கிப் போடவில்லை என்றால், மல்லிப்பூ டீ.

சீனாவில் மல்லி டீக்குப் போடுவதும் நாம் தலையில் வைக்கிற குண்டுமல்லியும் ஒரே இனம்தான். அங்கே பகலில் மொட்டாகப் பறித்து, ராத்திரி மலரும் நேரத்தில் பச்சைத் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். பூ விடுகிற வாசனையை இலை இழுத்துக்கொள்ளும். காலையில் பூவைப் பிரித்தெடுத்து, இலையை உலர்த்தி, மறுபடி புதுப் பூ. இப்படிப் பல முறை. அதனால் நல்ல மல்லி டீயில் பூ அநேகமாகக் கண்ணிலேயே படாது. பூவை வாரிப் போட்டிருக்கிற பாக்கெட்டைக் கண்டால் முதலில் சந்தேகப்படு.

வ.உ.சி. பூ மார்க்கெட் இருக்கிற ஊரில் இதை வெளியே வாங்குவானேன் என்று வீட்டிலேயே செய்தேன். கட்டாத உதிரி மொட்டு, குன்னூரிலிருந்து வந்த பச்சைத் தேயிலை, ஒரு எவர்சில்வர் சம்படம். இலை ஒரு அடுக்கு, மொட்டு ஒரு அடுக்கு. மூடியை இறுக்காமல் வைக்க வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குத் திறந்தால் சமையலறை முழுக்கக் கல்யாண வீட்டு வாசனை. காலையில் பூ துவண்டு ஓரம் பழுத்திருக்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது இலை. முந்தின நாள் விரலில் நொறுங்கியது, இப்போது வளையும். பூவின் ஈரம் முழுவதும் இலைக்குப் போயிருக்கும். அப்படியே மூடி வைத்தால் பூசணம் பிடித்துவிடும். தோசைக்கல்லை லேசாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, அந்தச் சூட்டிலேயே புரட்டிப் புரட்டி உலர்த்துவேன். சூடு கூடினால் வாசனை ஓடிவிடும், குறைந்தால் ஈரம் நிற்கும். அடுத்த ராத்திரி மறுபடி மொட்டு.

"சாமிக்கு வைக்கற பூவை டீக்குப் போடறதா?" என்று மாமியார் முதல் நாள் முணுமுணுத்தார். இப்போது சாயங்காலமானால், "அந்தப் பூத்தண்ணி இருந்தா ஒரு வாய் குடும்மா" என்கிறார். 75 டிகிரி, இரண்டு நிமிடம், அதற்கு மேல் விடக்கூடாது. நாக்குக்கு முன்னால் மூக்குக்குப் போய்ச் சேர்கிற டீ. கெட்டில் இல்லாமல் இதே சூட்டைக் குத்துமதிப்பாகப் பிடிக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் அதே கோப்பை கிடைப்பது இதனால்தான். அதை மறுத்தால் வாய் வெந்துவிடும்.

மற்ற வாசனை டீக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எர்ல் கிரே என்ற கறுப்பு டீயில் வருவது பெர்கமாட் என்ற பழத்தின் தோல் எண்ணெய். இத்தாலியின் கலாப்ரியாவில்தான் அந்தப் பழம் பெருமளவில் விளைகிறது. நார்த்தங்காய்த் தோலைக் கிள்ளினால் வரும் வாசனைக்குப் பங்காளி. எனக்குப் பிடிக்கும், வீட்டுக்காரருக்குத் தலைவலி மருந்து ஞாபகம் வருகிறதாம். பாக்கெட்டில் செம்பருத்தி டீ என்று விற்பது பெரும்பாலும் வேலியில் பூக்கிற நம் செம்பருத்தி இல்லை. புளிச்சக்கீரை வகைச் செடியில் பூவின் அடியில் இருக்கும் சிவந்த புல்லி இதழ். அதனால்தான் அந்தப் புளிப்பு. வெயில் காலத்தில் ஆறவைத்து, பனங்கற்கண்டு போட்டுக் குடிக்க அருமை. மாம்பழ டீ மட்டும் வேண்டவே வேண்டாம். மல்கோவா விளைகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு எசன்ஸ் குடிப்பதா? பாக்கெட்டைப் பிரித்தால் ஊரே மணக்கும். ஊற்றிக் குடித்தால் மூக்கு இனிப்பு என்று சொல்லும், நாக்கு எங்கே இனிப்பு என்று கேட்கும். ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டால் சண்டை கொஞ்சம் அடங்கும்.

எர்ல் கிரே மாதிரிக் கறுப்பு டீக்களில்தான் உப்புத் தண்ணி தன் முழு வேலையையும் காட்டும். நல்ல தண்ணியில் ஒரு கோப்பை, போர் தண்ணியில் ஒரு கோப்பை, ஒரே எர்ல் கிரே போட்டுப் பக்கத்தில் வைத்துப் பார். முதலாவது செந்தேன் நிறத்தில், அடி தெரியும். இரண்டாவது மங்கிக் கறுத்து, ஐந்து நிமிடத்தில் மேலே மெல்லிய ஏடு கட்டும். கோப்பையைச் சாய்த்தால் அது கோடு கோடாக உடைந்து ஓரத்தில் பழுப்பாக ஒட்டும். தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் டீயின் துவர்ப்புப் பொருட்களும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை. இரண்டு சொட்டு எலுமிச்சை விட்டால் ஏடு கலைந்துவிடும், நிறமும் வெளுக்கும். ஆனால் பெர்கமாட் வாசனை ஏற்கெனவே அமுங்கிப்போயிருக்கும்.

டீயைச் சோதித்துச் சுவைப்பதற்கு ஐ.எஸ்.ஓ. 3103 என்று ஒரு தரநிலையே 1980-லிருந்து இருக்கிறது. 100 மில்லிக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிடம். இதே மாதிரியான பிரிட்டிஷ் தரநிலைக்கு 1999-ல், சிரிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசைக் கொடுத்துக் கிண்டலடித்தார்கள். எனக்கு அதில் கிண்டலடிக்க ஒன்றும் தெரியவில்லை. டீயை எங்கே குடிக்கப் போகிறார்களோ அந்தப் பகுதிக் குடிநீரை ஒத்த தண்ணீரில் சோதிக்க வேண்டும் என்று அதில் சொல்லியிருக்கிறது. கெட்டில் செய்கிறவர்கள் யாராவது ஒரு குடம் சேலத்துப் போர் தண்ணீரை ஊற்றிப் பார்த்திருப்பார்களா?

ஆர்.ஓ. வைத்தால் இந்தப் புலம்பலே வேண்டாம் என்பாய். கிடைக்கிற தண்ணீரைவிடக் கீழே போகிற தண்ணீர் அதிகம் என்று பக்கத்து வீட்டில் பார்த்த பிறகு எனக்கு மனது வரவில்லை. அந்தத் தண்ணீரில் டீயும் பளிச்சென்று வந்தாலும் துவர்ப்பு தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஏற்காட்டில் நாத்தனார் வீட்டுக்குக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் அதை மடியில் வைத்துக்கொண்டு. சேர்வராயன் மலை காபி மலை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்தது, இன்றைக்கும் சில்வர் ஓக் நிழலில் காபியும் மிளகும்தான். டீ என்றாலே அங்கே விருந்தாளி. நாத்தனாரும் காபி டம்ளரோடுதான் வந்து பார்த்தார். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். கெட்டிலில் நூறு என்று அழுத்தினால் பாவம், 95-ஐக் காட்டிக்கொண்டு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருந்தது. நிறுத்தத் தெரியவில்லை. 94 வைத்துச் சமாளித்தேன். ஆனால் அவர்கள் வீட்டு ஊற்றுத் தண்ணீரில் அதே எர்ல் கிரே, அதே நீலகிரி இலை, எப்படி வந்தது தெரியுமா? ஏடு இல்லை, மங்கல் இல்லை, கெட்டிலுக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி இல்லை. இறங்கி வரும்போது இரண்டு கேன் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

ஆகவே, தம்பி, வாங்காதே. சூடு சரியாக வைக்கிறது, மல்லி டீயை அது இல்லாமல் இவ்வளவு சுலபமாகப் போட முடியாது, நானும் நாளைக் காலையில் அதைத்தான் அழுத்தப் போகிறேன். இருந்தாலும் வாங்காதே. அகல வாய் எவர்சில்வர் பாத்திரம் ஒன்றும், முந்நூறு நானூறு ரூபாய்க்குச் சமையல் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கு. மிச்சப் பணத்துக்கு நல்ல இலை வாங்கு. கெட்டில்தான் வேண்டும் என்றால் கை முழுதாக நுழைகிற, குட்டை மூக்கு உள்ளதாகப் பார். கடையில் போய்க் கையை விட்டுப் பார்த்து வாங்கு, கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

இதைப் படிப்பதற்குள் ஆர்டர் போட்டிருப்பாய் என்றும் தெரியும், உன் அவசரம் எனக்குத் தெரியாதா. கறுப்பு நிறத்தைப் போட்டிருந்தால் மட்டும் உடனே மாற்றிவிடு. வெளியே சொட்டிக் காய்கிற ஒவ்வொரு துளியும் அதில் வெள்ளையாகத் தெரியும்.