ககனசுக்கிக்கு அரை மணி, கடைக்கு ஒரு மணி

பெங்களூரில் இருக்கும் மகள், சிவனசமுத்திரம் ஒருநாள் சுற்றுலாவுக்கு எங்கள் இருவருக்கும் முன்பதிவு செய்து கொடுத்தாள். வேன், கூடவே வழிகாட்டி, மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். வழிகாட்டிக்கு முழு மதிப்பெண் போடுவேன். நேரத்தைப் பங்கு போட்ட புண்ணியவானுக்குப் பாதி போடவும் மனம் வரவில்லை.

வேன் சொன்ன நேரத்துக்கு வந்தது. மத்தூரில் சூடாக வடை, பிறகு மளவள்ளி வழியாக ககனசுக்கி. சிவனசமுத்திரத் தீவில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. மேற்குக் கிளை ககனசுக்கியாகவும் கிழக்குக் கிளை பரசுக்கியாகவும் விழுகிறது. நாங்கள் போனது ஆகஸ்டில். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் தண்ணீர் திறந்திருந்தார்கள். செம்மண் நிறத்தில் பாறையே தெரியாமல் கொட்டியது. பார்வை மேடையில் நின்றிருந்த என் மூக்குக்கண்ணாடியில் சாரல் படிந்து, துடைக்கத் துடைக்க மங்கியது.

‘ஆண்டு முழுவதும் பொங்கும் அருவி’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே, அதை மட்டும் நம்ப வேண்டாம். மேலே அணையில் திறந்தால்தான் இங்கே வெள்ளம். கோடையில் வருகிற கொஞ்சமும் முதலில் மின் நிலையத்துக்குப் போகும், பாறைக்கு மிச்சம்தான். ஜூலை முதல் அக்டோபர் வரை போகலாம்; அப்போதும் நீர் திறப்புச் செய்தியைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

வழிகாட்டி கொள்ளேகால்காரர், நல்ல தமிழ் பேசுகிறார். “சார், இந்தத் தண்ணீர்தான் ஒகேனக்கல் தாண்டி உங்கள் மேட்டூருக்கு வருகிறது” என்றார். மேட்டூர் நீர்மின் நிலையத்தில் பாதி உத்தியோகத்தைக் கழித்தவனிடம்! நான் சிவனசமுத்திரம் மின் நிலையத்தைப் பற்றிக் கேட்டதும் அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. 1902இல் இங்கிருந்து கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் போனது, 1905இல் பெங்களூருக்கு விளக்கு எரிந்தது, மைசூர் சமஸ்தானத் திவான் சேஷாத்ரி ஐயர் இதற்காகப் பாடுபட்டது என்று வரிசையாகச் சொன்னார். ஆரம்பத்தில் இங்கே 25 ஹெர்ட்ஸில்தான் உற்பத்தி நடந்தது என்று நான் என் பங்குக்குச் சொல்ல, பின்சீட்டு இளைஞர்கள் கொட்டாவி விட்டார்கள். போகட்டும். ஆனால் இவ்வளவு சரித்திரம் உள்ள இடத்துக்குப் பயணத் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை என்பது அநியாயம். உள்ளே விடாவிட்டாலும் வெளியே இரண்டு நிமிடம் நிறுத்தியிருக்கலாம்.

அரை மணி ஆவதற்குள் ஓட்டுநர் ஹாரன் அடித்துவிட்டார். பரசுக்கியிலும் அதே அவசரம். அருவியின் அடிவாரத்துக்கு இருநூறுக்கு மேல் படிகள். என் மனைவி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி உள்ளவர்கள் அப்படியே செய்யலாம், மேலிருந்தும் காட்சி குறையில்லை. சாப்பாடு சுமார்.

சோமநாதபுரம் கேசவர் கோயிலில் வழிகாட்டி தம் திறமையைக் காட்டினார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த ஹொய்சளர் கோயில், 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது என்பதை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, எங்களை வெளிச்சுவர் ஓரம் குனிய வைத்தார். கீழ்வரிசையில் யானைகள், அதன் மேல் குதிரை வீரர்கள், அதன் மேல் கொடிவேலை. பிறகு ஒரு சிற்பத்தின் பீடத்தில் டார்ச் அடித்துக் கன்னட எழுத்துகளை விரலால் தொடாமல் காட்டினார்: மல்லிதம்மா, செதுக்கிய சிற்பியின் பெயர். அவர் காட்டாவிட்டால் நான் அதைக் கடந்து போயிருப்பேன்.

திரும்பும் வழியில்தான் எரிச்சல். புறவழிச் சாலையை விட்டுச் சன்னபட்டணத்துக்குள் நுழைந்து ஒரு மரப்பொம்மைக் கடை வாசலில் இறக்கிவிட்டார்கள். அரக்கு வண்ணம் பூசிய பொம்மைகள் அழகுதான், பேரனுக்கு நானும் ஒரு பம்பரம் வாங்கினேன். அதற்குப் பத்து நிமிடம் போதும். அங்கே ஒரு மணி நேரம் நின்றோம். கடைக்காரர் ஓட்டுநருக்குத் தேநீர் கொடுத்து உபசரித்ததைப் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை.

போகிறவர்கள் முன்பதிவின்போதே கொள்ளேகால் வழிகாட்டி வருவாரா என்று கேளுங்கள். கடையில் இறங்கும் நேரத்தை எழுதி வாங்குங்கள். இரவு வீட்டு வாசலில் விடுவதாகச் சொல்லிவிட்டு பெங்களூர் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்திலேயே இறக்கிவிட்டதால், ஆட்டோ செலவையும் கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.