இரட்டைக் கார்புரேட்டர் வேன் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 840 யூரோ கொடுத்து நான் ஏமாந்தது

ஸ்டுட்கார்ட் பக்கம் குடியிருக்கிறேன். எங்களிடம் இருப்பது 1974ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் டி2 வேன். 1800 சிசி, காற்றால் குளிரும் இன்ஜின், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சோலெக்ஸ் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கருவி). இந்த வண்டி மேல் ஆசைப்பட்டு என்னிடம் விசாரிக்கும் நண்பர்கள் சிலர் உண்டு. முக்கியமாக அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதம் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டி நடுங்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் பட்பட்டென்று வெடிச் சத்தம். பழைய வண்டிகளுக்குப் பேர்போன ஒரு பட்டறையில் கொண்டுபோய் விட்டேன். எட்டு நாள் கழித்து 840 யூரோவுக்குப் பில் வந்தது. இரண்டு கார்புரேட்டரையும் கழற்றி அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவியது, புது கேஸ்கெட் செட், காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகட்டின் தண்டுக்குப் புது புஷ் (தண்டு ஆடாமல் பிடிக்கும் வளையம்), டியூனிங் என்று வரிவரியாகப் போட்டிருந்தார்கள். சாவி வாங்கும்போது இன்ஜின் அலுங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. நிம்மதியாகப் பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

அந்த அலுங்காத ஓட்டம்தான் ஏமாற்று வேலை. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த இன்ஜினில் ஐட்லிங்குக்கு, அதாவது வண்டி நிற்கும்போது இன்ஜின் மெதுவாக ஓடுவதற்கு, தனி ஏற்பாடு உண்டு. இடது கார்புரேட்டரில் கலவை தயாராகி, குழாய் வழியாக இரண்டு பக்கமும் போகும். அப்போது இரண்டு த்ராட்டில் தகடுகளும் கிட்டத்தட்ட மூடியே இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 850 சுற்று வாக்கில் இன்ஜின் ஓட வேண்டும். அதை விட்டுவிட்டு, த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருகித் தகடுகளைத் தூக்கிவிட்டால் 1300 சுற்றில் ஓடும். அந்த வேகத்தில் எந்த நடுக்கமும் வெளியே தெரியாது. கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். என் வண்டியில் செய்தது அவ்வளவுதான். வண்டியில் சுற்று காட்டும் மீட்டர் கிடையாது என்பதால் எனக்கும் தெரியவில்லை.

மூன்று வாரம் கழித்து, பிள்ளைகளோடு உல்ம் போகும் வழியில், ஏ8 நெடுஞ்சாலையில் ஆல்ப் ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தோம். பாதி மலையில் இழுவை குறைந்தது. லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தோம். பின்பக்கத்திலிருந்து சூடான எண்ணெய் வாசனை வந்தது. தண்ணீரால் குளிரும் இன்ஜினாக இருந்தால் டெம்பரேச்சர் முள் ஏறிக் காட்டிக்கொடுத்திருக்கும். இந்த வண்டியில் அந்த முள்ளும் கிடையாது. பெட்ரோல் குறைந்து காற்று கூடிய கலவையில் மலையேறினால் சிலிண்டர் ஹெட் வெந்துபோகும், வால்வு சீட் (வால்வு மூடும்போது உட்காரும் வளையம்) கழன்று விழவும் கூடும். ஓரமாக நிறுத்தி ஒரு மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாக வீடு திரும்பினோம்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். இந்த வகை இன்ஜின்களோடு வாழ்நாளைக் கழித்த மெக்கானிக், ஓய்வு பெற்றவர். அவர் எதையும் கழற்றும் முன் டார்ச் அடித்துக் காட்டினார். இடது கார்புரேட்டர் மூடியின் ஸ்க்ரூ தலைகளில், ஸ்க்ரூடிரைவர் நுழைய வேண்டிய பள்ளத்தில், பழைய எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இறுகிக் கிடந்தது. பல வருடமாக யாரும் அதைத் திறக்கவே இல்லை. மூடியைத் தூக்கினோம். கேஸ்கெட் காய்ந்து துண்டு துண்டாக வந்தது. பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையின் அடியில் காப்பி மண்டி போலத் துரு வண்டல். பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், துளையில் பாதிதான் தெரிந்தது. த்ராட்டில் தண்டை விரலால் ஆட்டினால் கடகடவென்று ஆடியது. புது புஷ் எங்கே?

அதைவிட வேதனை, முதலில் வந்த நடுக்கத்துக்குக் கார்புரேட்டர் காரணமே இல்லை. மறுநாள் காலை, இன்ஜின் முழுக்க ஆறியபின் டேப்பெட், அதாவது வால்வுகளுக்கு விட வேண்டிய இடைவெளி, பார்த்தார். மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளியே இல்லை. வால்வு சரியாக மூடாமல் அழுத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. இந்த இன்ஜினுக்கு முதலில் டேப்பெட், அப்புறம் மின்பொறிக்கான பாயிண்ட் இடைவெளி, பிறகு பொறி விழும் நேரமான டைமிங், எல்லாம் சரியான பின்தான் கார்புரேட்டர் என்றார் அவர். அதிலும் இன்ஜின் நன்றாகச் சூடாகி, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்ப உதவும் சோக் தகடு முழுக்கத் திறந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் இணைக்கும் கம்பியை ஒரு பக்கம் கழற்றிவிட்டு, காற்று அளக்கும் கருவியை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். சமமானபின் கம்பியை மாட்டி, 2000 சுற்றில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். என் வண்டியில் கருவியை வைத்தபோது வலது பக்கம் இழுத்த காற்று இடதில் பாதிகூட இல்லை.

பட்டறைக்காரரிடம் போய்ப் படங்களைக் காட்டினேன். “ஐம்பது வருஷ வண்டி, இப்படித்தான் இருக்கும். அதுவும் வேறு ஆள் கைவைத்துவிட்டார், இனி நான் பொறுப்பில்லை” என்றார். இங்கேதான் நான் தவறிவிட்டேன். ஜெர்மன் சட்டப்படி, வேலையில் குறை இருந்தால் அதைச் சரிசெய்ய முதலில் அதே பட்டறைக்குக் கால அவகாசம் கொடுக்க வேண்டும். எழுத்தில் கொடுப்பதுதான் நல்லது. அதற்கு முன்பே வேறொருவரை விட்டுத் திறந்ததால் என் பிடி தளர்ந்துவிட்டது. வாகனத் தொழில் சங்கங்கள் நடத்தும் சமரச மன்றம் வாடிக்கையாளருக்கு இலவசம்தான். ஆனால் பட்டறை அந்தச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால்தான் வழக்கை எடுப்பார்கள். இந்தப் பட்டறை உறுப்பினர் இல்லை. வண்டியை விடும் முன்பே வாசலில் சங்கப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய பழைய கேஸ்கெட், ஜெட் எல்லாம் எனக்கு வேண்டும் என்று வேலை உத்தரவிலேயே எழுதச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்டிருந்தால் கையில் கொடுக்க அவர்களிடம் ஒன்றுமே இருந்திருக்காது.

இப்போது இன்ஜின் ஐட்லிங்கில் 850 சுற்றில் ஓடுகிறது. வெடிச் சத்தம் போய்விட்டது. ஆனால் மூன்றாம் சிலிண்டரின் கம்ப்ரஷன் (உள்ளே சேரும் அழுத்தம்) 6 பார்தான், மற்ற மூன்றும் எட்டுக்கு மேல். வால்வு எரிந்திருக்கிறதா, சீட் இறங்கியிருக்கிறதா என்பது நவம்பரில் இன்ஜினை இறக்கி இடது ஹெட்டைக் கழற்றும்போது தெரியும். அதுவரை மலைப் பக்கம் போவதில்லை.